ஹோல்டர் வழியே ஒழுகிய கரண்ட்

கேள்வி: எழுத்தாளர்களின் நினைவுக் குறிப்பு நூல்களில் உங்களுக்கு மிகவும் பிடித்த, வேடிக்கையான பகுதி எது? ஏன் பிடிக்கும் என்பதையும் கொஞ்சம் விரிவாகச் சொல்லுங்களேன்.

யோசிக்கவே தேவையில்லை. ஜேம்ஸ் தர்பரின் பாட்டிதான். வீடு முழுக்கக் கண்ணுக்குத் தெரியாமல் கரண்ட் சொட்டிக்கொண்டிருக்கிறது என்று நம்பிய பாட்டி. 1933இல் வெளிவந்த 'மை லைஃப் அண்ட் ஹார்ட் டைம்ஸ்' என்ற ஒல்லியான புத்தகத்தில் அவர் வருகிறார். அவருக்கு ஒதுக்கப்பட்டிருப்பது மொத்தமே நாலைந்து வாக்கியம். ஆனால் அந்த நாலைந்து வாக்கியத்துக்காக அந்தப் புத்தகத்தை எத்தனை முறை வேண்டுமானாலும் எடுப்பேன்.

தர்பரைப் பற்றி இரண்டு வரி. 1894 டிசம்பரில் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்துத் தலைநகர் கொலம்பஸில் பிறந்தவர், 1961இல் இறந்தார். 'நியூயார்க்கர்' பத்திரிகையில் எழுத்தும் கோட்டோவியமும் அவருக்கு ஒன்றாகவே ஓடின. இந்தப் புத்தகத்தின் அத்தியாயங்களும் முதலில் அங்கேதான் வந்தன. சுயசரிதை எழுதுகிறவனுக்கு நாற்பது வயதாவது ஆகியிருக்க வேண்டும், உருப்படியாக எதையாவது சாதித்திருக்கவும் வேண்டும் என்று இத்தாலியச் சிற்பி செல்லினி அந்தக் காலத்தில் சொல்லிவைத்தார். முன்னுரையில் தர்பர் இதை எடுத்துச் சொல்லிவிட்டு, டைப்ரைட்டர் வைத்திருக்கிற எவனும் இப்போது இந்த விதியைக் கண்டுகொள்வதில்லை என்கிறார். புத்தகம் வந்தபோது அவருக்கே முப்பத்தெட்டு வயதுதான்.

தமிழ்நாட்டில் புதிய பாடத்திட்டத்தில் பத்தாம் வகுப்பு படித்தவர்களுக்கு இவர் ஏற்கெனவே தெரிந்தவர். ஆங்கிலப் பாடநூலின் இரண்டாவது உரைநடைப் பாடமாக வரும் 'தி நைட் தி கோஸ்ட் காட் இன்' இந்தப் புத்தகத்தின் ஓர் அத்தியாயம்தான். நள்ளிரவில் சாப்பாட்டு மேசையைச் சுற்றி யாரோ நடக்கும் சத்தம், போலீஸைக் கூப்பிட வைக்க பக்கத்து வீட்டு ஜன்னலை நோக்கி அம்மா ஷூவை எறிவது, போலீஸ்காரர்களை ராணுவத்திலிருந்து ஓடி வந்தவர்கள் என்று நினைத்துத் தாத்தா சுடுவது என்று போகும் கதை. பரீட்சைக்காகப் படித்ததால் பலருக்குச் சிரிப்பு வந்திருக்காது. வினா-விடைக்காக வாசித்தால் எந்த நகைச்சுவையும் செத்துப்போகும். இப்போது ஒருமுறை சும்மா எடுத்துப் பாருங்கள், வேறு மாதிரி இருக்கும்.

சரி, பாட்டிக்கு வருவோம். அவர் வருவது 'தி கார் வி ஹேட் டு புஷ்' என்ற அத்தியாயத்தில். தள்ளினால்தான் கிளம்பும் ஒரு பழைய ரியோ கார் அந்த வீட்டில் இருந்தது. அதைப் பற்றிய அத்தியாயம் இது என்று பேர்தான், தர்பர் காரை ஓரமாக நிறுத்திவிட்டு ஊரெல்லாம் சுற்றுவார். தொடக்கமே அட்டகாசம். சுயசரிதை எழுதியவர்கள் பலர் தங்கள் குடும்பம் மாட்டிக்கொண்ட பூகம்பத்தை வர்ணித்திருக்கிறார்கள், எங்கள் குடும்பம் பூகம்பம் எதிலும் மாட்டவில்லை, ஆனால் கொலம்பஸில் எங்களுக்கு நடந்த சில விஷயங்கள் கிட்டத்தட்ட பூகம்பம் மாதிரிதான் இருந்தன என்று ஆரம்பிக்கிறார்.

கார் பேச்சிலிருந்து இயந்திரங்கள் மீது அம்மாவுக்கு இருந்த பயத்துக்குத் தாவுகிறார். பெட்ரோல் இல்லாமல் கார் ஓட்டுவது ஆபத்து, உள்ளே வால்வோ என்னவோ வறுபட்டுப்போகும் என்று அம்மாவுக்கு உறுதியான நம்பிக்கை. பிள்ளைகள் வண்டியை எடுக்கும்போதெல்லாம், பெட்ரோல் இல்லாமல் ஊரைச் சுற்றிவிட்டு வந்தீர்களோ, அவ்வளவுதான் என்று எச்சரித்து அனுப்புவார். பெட்ரோல் இல்லாவிட்டால் கார் நகரவே நகராது என்ற விஷயம் இந்த எச்சரிக்கைக்குக் குறுக்கே வரவே இல்லை.

அதைவிடப் பெரிய பயம் விக்ட்ரோலா மீது. பாட்டுப் பெட்டி. அது எந்த நேரமும் வெடிக்கலாம் என்று நினைத்தார். இது பெட்ரோலிலும் ஓடவில்லை, கரண்டிலும் ஓடவில்லை அம்மா என்று பிள்ளைகள் விளக்கிச் சொல்ல, பயம் இரட்டிப்பானது. தெரிந்த இரண்டிலும் ஓடவில்லை என்றால், யாரும் சோதித்துப் பார்க்காத ஏதோ புதுச் சங்கதியில் ஓடுகிறது என்றுதானே அர்த்தம்? எடிசன் என்ற வெறிபிடித்த மனிதரின் பரிசோதனைக்கு நாம்தான் பலி என்று முடிவு கட்டிவிட்டார். கைப்பிடியைச் சுற்றி ஸ்பிரிங்கை முறுக்கினால் ஓடும் பெட்டி, அவ்வளவுதான். இதில் இன்னொரு கூத்தும் உண்டு. விக்ட்ரோலா எடிசனுடையதே இல்லை. விக்டர் டாக்கிங் மெஷின் கம்பெனி 1906இல் கொண்டுவந்த சரக்கு அது, எடிசனின் கம்பெனிக்கு நேர்ப் போட்டி. எந்தப் பெட்டி வெடித்தாலும் பழி எடிசன் தலையில்தான் என்று அம்மா தீர்ப்பு எழுதியிருக்கிறார்.

தொலைபேசியோடு அம்மாவுக்குப் பெரிய சண்டை இல்லை. இடி மின்னல் நேரத்தில் மட்டும், காரணம் எதுவும் சொல்லாமல், ரிசீவரை எடுத்துத் தொங்கவிட்டுவிடுவார். வானம் இருட்டியதும் டிவி பிளக்கைப் பிடுங்க ஓடுகிற வீடுகளில் வளர்ந்த நமக்கு இந்த இடம் அவ்வளவு விசித்திரமாகத் தோன்றாது.

இந்தப் பயமெல்லாம் அம்மாவுக்குப் பரம்பரையாக வந்த சொத்து என்று சொல்லிவிட்டு, இங்கேதான் தர்பர் பாட்டியை, அதாவது அம்மாவின் அம்மாவை, இறக்குகிறார். பாட்டி தன் கடைசிக் காலத்தை ஒரு கொடிய சந்தேகத்தோடு கழித்தார். சுவர் சுவிட்ச் போட்டபடியே இருந்து, ஹோல்டரில் பல்பு இல்லாவிட்டால், அந்த ஓட்டை வழியாக கரண்ட் ஒழுகும். கண்ணுக்குத் தெரியாது, ஆனால் வீடெங்கும் சொட்டும். அதனால் பாட்டி பல்பும் கையுமாக அறை அறையாகப் போவார். காலியாக இருக்கும் ஹோல்டரில் பல்பைத் திருகுவார். எரிந்தால், நடுங்கிப்போய் அவசர அவசரமாகச் சுவிட்சை அணைப்பார். பிறகு வீண் செலவும் ஆபத்துமான ஒழுகலை அடைத்துவிட்ட நிம்மதியோடு, தான் விட்ட இடத்திலிருந்து 'பியர்சன்ஸ்' பத்திரிகையையோ 'எவ்ரிபடீஸ்' பத்திரிகையையோ படிக்கத் திரும்புவார். அவருக்கு இதை எவராலும், எதாலும் புரியவைக்க முடியவில்லை என்று தர்பர் முடித்துக்கொள்கிறார். பக்கத்தில் அவரே போட்ட ஒரு படம். அதன் கீழே, வீடெங்கும் கரண்ட் ஒழுகிக்கொண்டிருந்தது என்று ஒரு வரி. 'பாட்டி நினைத்தார்' என்று கிடையாது. ஒழுகிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான்.

முதல் வாசிப்பில் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுவோம். கொஞ்சம் நின்று பாட்டி செய்கிற வேலையைப் பார்க்க வேண்டும். அந்த அறையில் சுவிட்ச் போட்டிருக்கிறதா இல்லையா என்பது பல்பு இல்லாமல் தெரியாது. அதைத் தெரிந்துகொள்ள என்ன வழி? பல்பை மாட்டிப் பார்ப்பது. எலக்ட்ரீஷியன் டெஸ்டரை வைத்துப் பார்க்கிற அதே வேலை. பாட்டி அனுமானத்தில் பயப்படவில்லை. ஒவ்வொரு ஹோல்டராகச் சோதனை செய்து, முடிவைக் கண்ணால் பார்த்து, அதன்படி நடவடிக்கை எடுக்கிறார். அடிப்படைக் கருத்து ஒன்று மட்டும்தான் தப்பு. மற்றபடி முறை சுத்தம். இதனால்தான் அவரை முட்டாள் பாட்டி என்று ஒதுக்கிவிட்டுச் சிரிக்க முடிவதில்லை.

அந்த அடிப்படைக் கருத்தும் அந்தரத்திலிருந்து வந்ததாக எனக்குத் தோன்றவில்லை. இது என் வாசிப்பு, தர்பர் இப்படி எங்கும் சொல்லவில்லை. அந்தப் பாட்டியின் தலைமுறை கேஸ் விளக்கின் காலத்து ஆட்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பின்பாதியில் அமெரிக்க நகரத்து வீடுகளில் குழாய் வழியாக கேஸ் வந்து, சுவரிலும் கூரையிலும் இருந்த விளக்குகளில் எரிந்தது. குழாயின் திருகைத் திறந்து வைத்துவிட்டு நெருப்பு வைக்காமல் விட்டால் என்ன ஆகும்? ஒழுகும். கண்ணுக்குத் தெரியாமல் அறையை நிரப்பும். காசும் போகும், ஆளும் போவார். கிராமத்திலிருந்து வந்து ஓட்டலில் தங்கியவர்கள் மெழுகுவர்த்தியை அணைக்கிற பழக்கத்தில் கேஸ் சுடரை வாயால் ஊதி அணைத்துவிட்டுப் படுத்து, காலையில் எழுந்திருக்காமலே போன சம்பவங்கள் அந்தக் காலத்தில் உண்மையாகவே நடந்தன. பிறகு மின்சாரம் வந்தபோது, கேஸ், கரண்ட் இரண்டுக்கும் சேர்த்தே செய்த விளக்குக் கொத்துகள்கூட வீடுகளில் தொங்கின. ஒரே தண்டில் ஒரு கிளையில் கேஸ், மறு கிளையில் பல்பு. ஒன்று ஒழுகும், இன்னொன்று ஒழுகாது என்று ஒரு பாட்டி எதை வைத்து நம்புவார்?

காலி ஹோல்டர்கள் அந்தக் காலத்து வீடுகளில் சாதாரணம் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். இஸ்திரிப்பெட்டி மாதிரியான சாமான்களுக்குச் சுவரில் தனி பிளக் பாயிண்ட் பரவலாக வராத காலம். பல்பைக் கழற்றிவிட்டு அதே ஹோல்டரில் சாமானின் ஒயரைத் திருகித்தான் ஓட்டினார்கள். வேலை முடிந்ததும் ஒயரைக் கழற்றினால் வெறும் வாயோடு ஒரு ஹோல்டர், பின்னால் போட்டபடியே சுவிட்ச். விரலை விட்டால் உண்மையிலேயே தூக்கியடிக்கும். ஆபத்து இருந்தது, பாட்டி அதற்குக் கொடுத்த விளக்கம்தான் வேறு. போதாததற்கு இன்று நாம் சார்ஜரைப் பிளக்கிலேயே விட்டால் கரண்ட் வீணாகிறது என்று சொல்லி வீட்டில் சண்டை போடுகிறோம். பாட்டி உயிரோடு இருந்தால், நான் அப்பவே சொன்னேனே என்றிருப்பார்.

இனி வாக்கியம் கட்டிய விதம். வேறு யாராவது எழுதியிருந்தால், பாட்டிக்கு மின்சாரம் எப்படி ஓடுகிறது என்று புரியாது என்று முதலில் சொல்லிவிட்டு அப்புறம் பல்பு விஷயத்துக்கு வந்திருப்பார்கள். நாம் பாட்டியை விடப் புத்திசாலி என்ற மிதப்போடு படிப்போம், சிரிப்பு மட்டமாகிவிடும். தர்பர் தன் குரலில் ஒரு திருத்தமும் சொல்வதில்லை. பாட்டியின் சந்தேகத்தைக் கோர்ட்டில் வாக்குமூலம் பதிவு செய்வதுபோல வரிசையாக எழுதிக்கொண்டு போகிறார். அப்புறம் அந்தப் பத்திரிகைப் பெயர்கள். படிக்கத் திரும்பினார் என்று பொதுவாக எழுதியிருக்கலாம். 'பியர்சன்ஸ்' அல்லது 'எவ்ரிபடீஸ்' என்று அந்தக் காலத்தில் நன்றாக விற்ற இரண்டு பத்திரிகைகளின் பெயரைப் போட்டதும் பாட்டிக்கு ஒரு நாற்காலியும் ஒரு மூக்குக்கண்ணாடியும் தானாக வந்துவிடுகின்றன. இவர் நாட்டு நடப்பு படிக்கிறவர், வெளியுலகம் தெரியாத கிழவி இல்லை என்பதும் சேர்ந்தே தெரிகிறது.

இந்தப் பகுதியை நான் மேலும் விரும்பக் காரணம், அந்த வீட்டின் குணம் இதில் முழுசாக இருப்பது. அங்கே யாரும் யாருடைய பயத்தையும் தீர்த்து வைப்பதில்லை. ஒரு தடவை விளக்கிப் பார்ப்பார்கள், பலிக்கவில்லை என்றால் அந்தப் பயத்துக்கு வீட்டில் ஓர் இடம் ஒதுக்கிவிட்டுத் தங்கள் வேலையைப் பார்ப்பார்கள். இதை மனதில் வைத்துக்கொண்டு மற்ற அத்தியாயங்களைப் படித்தால், எல்லா இடத்திலும் அதே ஏற்பாடு தெரியும்.

உதாரணத்துக்கு முதல் அத்தியாயமான 'தி நைட் தி பெட் ஃபெல்'. அதில் இரண்டு உறவுக்காரப் பெண்மணிகள் வருகிறார்கள், இருவருக்கும் திருடன் பயம். சாரா ஷோஃப் என்பவருக்கு, திருடன் கதவின் கீழ் இடுக்கில் குழாயை வைத்து குளோரோஃபார்மை ஊதிவிடுவான் என்று கவலை. பொருள் போவதைவிட மயக்க மருந்துக்குத்தான் அவருக்கு அதிக பயம். ஆகவே தினமும் படுக்கப் போகும்முன் பணம், வெள்ளிச் சாமான், நகை எல்லாவற்றையும் அறை வாசலில் ஒழுங்காக அடுக்கி, ஒரு சீட்டும் வைப்பார். என்னிடம் இருப்பது இவ்வளவுதான், தயவுசெய்து எடுத்துக்கொள்ளுங்கள், குளோரோஃபார்ம் மட்டும் வேண்டாம், ஏனென்றால் என்னிடம் இருப்பது இவ்வளவுதான். அந்தச் சீட்டில் 'இவ்வளவுதான்' இரண்டு தடவை வருகிறது பாருங்கள், அங்கேதான் நான் ஒவ்வொரு முறையும் மாட்டிக்கொள்கிறேன். பதற்றத்தில் எழுதுகிறவர் சொன்னதையே திருப்பிச் சொல்வார். எழுத்தாளர் அதை வெட்டாமல் விட்டிருக்கிறார்.

கிரேஸி ஷோஃப் அடுத்தவர், இவர் தைரியசாலி. நாற்பது வருஷமாக ஒவ்வொரு ராத்திரியும் திருடன் வீட்டுக்குள் வருவதாக அவருக்கு நிச்சயம். ஒரு பொருளும் காணாமல் போனதில்லையே என்றால், எடுப்பதற்கு முன்னால் நான்தான் விரட்டிவிடுகிறேனே என்பார். வீட்டிலுள்ள ஷூக்களை எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் குவித்துவைத்துக்கொண்டு படுப்பார். விளக்கணைத்த ஐந்தாவது நிமிஷம் எழுந்து உட்கார்ந்து, கேட்டீர்களா என்பார். கணவரோ இந்த விவகாரத்தைக் கண்டுகொள்ளாமல் இருக்க 1903இலேயே கற்றுக்கொண்டவர். ஒன்று தூங்கிக்கொண்டிருப்பார், அல்லது தூங்குவதுபோல் கிடப்பார். அப்புறம் அம்மையார் பூனை நடை நடந்து கதவைத் திறந்து, கூடத்தின் இந்தப் பக்கம் ஒரு ஷூ, அந்தப் பக்கம் அதன் ஜோடி என்று எறிவார். சில ராத்திரி குவியல் முழுவதும் காலியாகும், சில ராத்திரி ஓரிரு ஜோடியோடு நின்றுவிடும். அந்த 1903 என்ற வருஷத்தைக் கவனியுங்கள். ஒரு கல்யாண வாழ்க்கையின் முழு வரலாறும் அந்த நாலு இலக்கத்துக்குள் அடங்கிவிட்டது.

கார் அத்தியாயத்தின் முடிவையும் சொல்லாமல் விட மனசு வரவில்லை. கார் ஒருநாள் வெடிக்கும் என்று அப்பா எதிர்பார்த்துக்கொண்டே இருப்பவர். சகோதரன் ராய் அடுக்களைப் பாத்திரங்களை எல்லாம் கித்தானில் மூட்டை கட்டிக் காருக்கு அடியில் தொங்கவிட்டு, அப்பா வண்டியில் இருக்கும்போது கயிற்றைச் சுண்டிவிடுகிறான். இரும்பும் தகரமுமாக ரோட்டில் கடகடவென்று கொட்டுகிறது. திட்டம் அருமையாகப் பலித்தது என்கிறார் தர்பர். கடைசியில் ஒரு டிராம் இடித்து அந்தக் கார் நொறுங்கிப்போகிறது. வீட்டில் ஒரே அழுகை, கூச்சல். தாத்தாவுக்கு அரைகுறையாகக் காதில் விழுந்ததில், யாரோ செத்துவிட்டார்கள், இவர்கள் அடக்கம் செய்யாமல் நாளைக் கடத்துகிறார்கள் என்று தோன்றிவிட்டது. குடும்ப மானம் போகிறது என்று ஒரு வாரம் பிடிவாதம். யாரும் சாகவில்லை, கார்தான் நொறுங்கிவிட்டது என்று அப்பா கத்துகிறார். குடித்திருந்தானா என்று தாத்தா கண்டிப்போடு கேட்கிறார்.

செத்தது தன் தம்பி ஜீனஸ்தான் என்று தாத்தா முடிவு கட்டுகிறார். ஜீனஸ் 1866லேயே போய்ச் சேர்ந்தவர். அமெரிக்க உள்நாட்டுப் போர் தொடங்கியதும், இதெல்லாம் அடங்கட்டும் என்று தென் அமெரிக்காவுக்குப் போனவர், போர் முடிந்து திரும்பியதும் செஸ்நட் மரங்களை அழித்துக்கொண்டிருந்த நோய் தொற்றி இறந்தார். ஒரு மனிதனுக்கு மருந்தடிக்க மர வைத்தியரைக் கூப்பிட வேண்டி வந்தது சரித்திரத்தில் அது ஒரு முறைதான் என்பது தர்பரின் வாக்கு. அந்த நோய் கற்பனை இல்லை. அமெரிக்கக் காடுகளில் கோடிக்கணக்கான செஸ்நட் மரங்களைச் சாய்த்த பூஞ்சை நோய் அது. ஆனால் அமெரிக்காவில் அது முதலில் கண்டுபிடிக்கப்பட்டது 1904இல், நியூயார்க் விலங்குக்காட்சி சாலையில் இருந்த மரங்களில். ஆக, மரங்களுக்கு வருவதற்கு ஏறத்தாழ நாற்பது வருஷம் முன்பே அது ஜீனஸுக்கு வந்துவிட்டது.

இந்த இடத்தில் வழக்கமாக ஒரு கேள்வி வரும். இதெல்லாம் நடந்ததா, இதை நினைவுக் குறிப்பு என்று சொல்லலாமா? பாதிக்குப் பாதி என்பதே நேர்மையான பதில். ராய், ஹெர்மன் என்று புத்தகத்தில் வரும் சகோதரர்களின் உண்மைப் பெயர் வில்லியம், ராபர்ட். மனதளவில் அந்த உள்நாட்டுப் போர்க்காலத்திலேயே நின்றுவிட்ட தாத்தா பெரும்பாலும் கற்பனை. அம்மாவின் அப்பா கொலம்பஸில் காய்கனி மொத்த வியாபாரம் செய்து செழிப்பாக வாழ்ந்த மனிதர். பேய் வந்த வீடு உண்மை. ஜெஃபர்சன் அவென்யூ 77ஆம் எண். தர்பர் கல்லூரியில் படித்த காலத்தில் குடும்பம் அங்கே வாடகைக்கு இருந்தது, இப்போது அது 'தர்பர் ஹவுஸ்' என்ற பெயரில் இலக்கிய மையமாக இருக்கிறது. அம்மாவும் உண்மை, சொல்லப்போனால் புத்தகத்தில் அவரை அடக்கித்தான் வாசித்திருக்கிறார். பிற்பாடு 1952இல் வந்த 'தி தர்பர் ஆல்பம்' நூலில் அம்மாவின் லீலைகளைத் தனியாக எழுதினார். பிரார்த்தனையால் நோய் தீர்க்கும் கூட்டத்துக்கு இரவல் சக்கர நாற்காலியில் போய், நடுவே குணமாகிவிட்டதென்று துள்ளி எழுந்தவர் அந்த அம்மா. பயந்தாங்கொள்ளி என்று புத்தகத்தில் படித்தவரா இவர் என்று திகைப்போம். பக்கத்து வீட்டுக் கண்ணாடியை உடைத்த பிறகு, அவசியம் எதுவும் இல்லாமல், எறிந்த சுகத்துக்காகவே இன்னொரு ஷூவை எறிய நினைக்கிற அந்தப் பேய்க்கதை அம்மாவை நினைத்துக்கொண்டால் கணக்குச் சரியாகும்.

மிகைப்படுத்தலை வெறும் பொய்யாக நான் எடுத்துக்கொள்வதில்லை. ஆனால் ஓர் இடத்தில் தர்பர் மிகைப்படுத்தாமல், மறைத்திருக்கிறார். அது 'யுனிவர்சிட்டி டேஸ்' அத்தியாயத்தில். ஒஹாயோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் தாவரவியல் வகுப்பு. மைக்ராஸ்கோப் வழியே செடியின் செல்லைப் பார்த்து வரைய வேண்டும். இவருக்கு ஒன்றுமே தெரியவில்லை, பால் கலங்கின மாதிரி ஏதோ தெரிகிறது. பேராசிரியர் லென்ஸைத் திருகித் திருகிப் பொறுமை இழக்கிறார். அடுத்த வருஷம் மறுபடி அதே வகுப்பு. ஒருநாள் திடீரென்று புள்ளியும் கோடுமாக ஏதேதோ தெரிய, இவர் மகிழ்ச்சியோடு வரைந்து தள்ளுகிறார். பேராசிரியர் எட்டிப் பார்த்துவிட்டு அலறுகிறார்: நீ வரைந்து வைத்திருப்பது உன் கண்ணையே! லென்ஸ் கண்ணாடி மாதிரி பிரதிபலித்திருக்கிறது.

விழுந்து விழுந்து சிரிக்கிற இடம். அந்த அத்தியாயத்தில் சொல்லாமல் விட்ட விஷயம், தர்பருக்குச் சின்ன வயதிலேயே ஒரு கண் போய்விட்டது. 1901இல் சகோதரர்கள், தலையில் வைத்த ஆப்பிளை அம்பால் அடித்த கதைநாயகன் வில்லியம் டெல்லைப் போல விளையாடியபோது அண்ணன் விட்ட அம்பு இடது கண்ணில் பட்டது. மறு கண்ணும் நாளாக நாளாக மங்கி, கடைசிக் காலத்தில் ஏறக்குறைய முழுப் பார்வையற்றவராக, சொல்லச் சொல்லப் பிறர் எழுதித்தான் வேலை நடந்தது. பெரிய காகிதத்தில் தடித்த கருப்புக் கிரேயானால் வரைந்துகொண்டிருந்ததும் ஒரு கட்டத்தில் முடியாமல் போனது. இதைத் தெரிந்துகொண்ட பிறகு அந்த மைக்ராஸ்கோப் காட்சியில் எனக்குச் சிரிப்புக் குறையவில்லை. ஆனால் தாத்தா, பாட்டி, அத்தை, நாய் என்று எல்லோருடைய குறையையும் பெயர் போட்டு எழுதியவர், தன் குறையை மட்டும் காரணம் சொல்லாமல் விட்டிருக்கிறார் என்பது கண்ணில் படுகிறது.

படிக்க நினைத்தால் வரிசையாகப் போக வேண்டியதில்லை. கட்டில் விழுந்த இரவு, தள்ளுவண்டிக் கார், பிறகு அணை உடைந்ததாக வதந்தி கிளம்பி ஊரே கிழக்கு நோக்கி ஓடிய நாள் என்று மூன்றை முதலில் படியுங்கள். ராணுவ ஆள்சேர்ப்பு பற்றிய அத்தியாயம் எனக்கு அவ்வளவாக ஒட்டவில்லை, அதைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளலாம். வேலைக்காரர்கள் பற்றிய அத்தியாயத்தில் கறுப்பினப் பெண்களின் பேச்சை எழுதியிருக்கும் விதம் இன்று படிக்கும்போது உறுத்தும், அதையும் சொல்லிவிடுகிறேன்.

நாய் பற்றிய அத்தியாயத்தை மட்டும் எக்காரணம் கொண்டும் விட்டுவிடாதீர்கள். பாட்டிக்குச் செய்த அதே ஏற்பாடு மக்ஸ் என்ற அந்த ஏர்டேல் நாய்க்கும் உண்டு. அதற்கு இடி என்றால் பயம். வீட்டுக்குள் கூப்பிட வேண்டும் என்றால் அம்மா ஒரு நீளத் தகரத்தை உலுக்கிச் செயற்கை இடி இடிப்பார். பார்க்கிறவரை எல்லாம் அது கடிக்கும். அதற்காக அதை விரட்டிவிடுவதோ பழக்குவதோ அந்த வீட்டு வழக்கம் இல்லையே. கடிபட்டவர்களுக்கெல்லாம் ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் அம்மா ஒரு பெட்டி மிட்டாய் அனுப்பினார். பட்டியல் நாற்பது பேரையும் தாண்டியது. கடித்த மறுநிமிஷமே அதற்கு வருத்தமாகிவிடும் என்று நாய்க்காக வாதாடுவார். இதை எப்படிக் கண்டுபிடித்தார் என்றுதான் பிள்ளைகளுக்குத் தெரியவில்லை. நாயைப் பார்த்தால் வருத்தப்படுகிற மாதிரி இல்லை.